“பூனைதானே!” என்று சொல்லும் பெரியவர்களுக்கு



தமிழில் ‘தானே’ என்று ஒரு சிறிய சொல் இருக்கிறது. ஒரு பெயரின் பின்னால் அதைச் சேர்த்துவிட்டால் போதும். அந்தப் பெயருக்குரியவரின் மதிப்பு அந்த நொடியே பாதியாகக் குறைந்துவிடும். ‘தமிழ்ப்பள்ளிதானே’ என்று யாரேனும் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டவுடன் நம் இரத்தம் கொதிக்கிறது அல்லவா? அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு அலட்சியம் ஒளிந்திருக்கிறது என்பது நமக்கு உடனே விளங்கிவிடுகிறது. ஆனால், அதே அலட்சியத்தை நம் வீட்டுப் பிள்ளைகளிடம் நாமே காட்டுகிறோம். தான் வளர்த்த பூனை இறந்துவிட்டது என்று ஒரு குழந்தை தேம்பி அழும்போது, “பூனைதானே! இதற்குப் போயா இப்படி அழுகிறாய்?” என்கிறோம்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடக்கப்பள்ளியில் பணியாற்றி வருகிறேன். இந்தச் சொல்லைக் கேட்காமல் கழிந்த ஆண்டு ஒன்றுகூட இல்லை. பெற்றோர் சொல்லியிருக்கின்றனர், ஆசிரியர்களும் சொல்லியிருக்கின்றனர். சொன்னவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் அல்லர். பிள்ளையின் அழுகை சீக்கிரம் நிற்க வேண்டும் என்னும் பதைப்பில் சொல்லிவிடுகின்றனர். எண்ணம் நல்லதாக இருக்கலாம், சொல் நல்லதன்று. என் கட்சி இதுதான்: “பூனைதானே” என்பது ஆறுதல் அன்று. ‘நீ வைத்த அன்பு சிரிப்புக்குரியது, அதை வெளியில் காட்டாதே’ என்று ஒரு குழந்தைக்கு நாம் கற்பிக்கும் பாடம் அது. அந்தப் பாடத்தைப் பிள்ளைகள் மிக விரைவில் கற்றுக்கொள்கின்றனர் என்பதுதான் எனக்குள்ள அச்சம்.

துயரத்துக்கு அளவுகோல் எது?

“மனிதர் இறந்தால் அழலாம். பூனை இறந்ததற்கு அழுவதா?” என்பது முதலில் வரும் வாதம். இறந்தது எந்த உயிரினம் என்பதைக் கொண்டு துயரத்தை அளக்க முடியுமானால், ஆண்டுக்கொரு முறை தீபாவளிக்கு மட்டும் பார்க்கும் தூரத்து உறவினர் இறந்த செய்தி கேட்டு நம் பிள்ளைகள் கதறி அழ வேண்டும். அழுகின்றனரா? இல்லை. துயரம் என்பது பிரிந்து போன உயிரோடு நாம் கழித்த நாள்களின் நிழல். அந்த நாள்கள் எத்தனை என்பதே கணக்கு.

கணக்கென்று வந்துவிட்டால் ஒழுங்காகவே போட்டுப் பார்ப்போம். மூன்று வயதில் வீட்டுக்கு வந்த பூனை, பிள்ளையின் ஒன்பதாம் வயதில் இறக்கிறது என வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையின் வாழ்நாளில் மூன்றில் இரண்டு பங்கு அந்தப் பூனையோடு கழிந்திருக்கிறது. பூனை வருவதற்கு முந்திய காலம் அதன் நினைவிலேயே இல்லை. நாற்பத்தைந்து வயதுள்ள ஒருவர் முப்பது ஆண்டுகள் உடனிருந்த ஒருவரை இழப்பதற்கு இது நிகர். நன்கு பேணப்படும் பூனை 12 முதல் 18 ஆண்டுகள் வரையும் வாழக்கூடும். முதலாம் ஆண்டில் சேர்ந்தபோது வந்த குட்டி, பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் புறப்படும்போதும் வாசலில் படுத்திருக்கலாம்.

பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில், பள்ளி விட்டு வரும் பிள்ளையைக் கதவருகே வந்து எதிர்கொள்வது பல நேரங்களில் பூனைதான். திட்டு வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மடியில் வந்து படுப்பதும் அதுவே. எத்தனை மதிப்பெண் வாங்கினாய் என்று கேட்காத உறவு ஒரு பிள்ளைக்கு எத்தனை இருக்கின்றன? எண்ணிப் பாருங்கள்.

நம் இலக்கிய மரபும் ‘தானே’ போடும் மரபன்று. தேர்க்காலில் கன்றை இழந்த பசு, அரண்மனை வாயிலில் இருந்த ஆராய்ச்சி மணியை அடித்தது என்றும், அதற்கு நீதி வழங்கத் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் சோழன் என்றும் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறோம். சிலப்பதிகாரமும் பெரியபுராணமும் போற்றும் கதை அது. குளிரில் நடுங்குகிறது என்று எண்ணி மயிலுக்குப் போர்வை அளித்த பேகனை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். ‘பசுதானே’ என்று சோழனும், ‘மயில்தானே’ என்று பேகனும் சொல்லியிருந்தால் நமக்குச் சொல்லிக்கொள்ள என்ன கதை மிஞ்சியிருக்கும்? வகுப்பில் பேகனைப் புகழ்ந்துவிட்டு, வீட்டில் பூனைக்காக அழும் பிள்ளையைக் கேலி செய்வது எந்த வகையில் நியாயம்?

அருள், இலக்கியம் என்றால் சிலருக்கு ஏறாது. சட்டம் சொல்வதையாவது கேட்கட்டும். மலேசியாவின் விலங்குநலச் சட்டம் 2015, விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழி செய்கிறது. 2018-இல் கோம்பாக்கில், கருவுற்றிருந்த பூனை ஒன்றைச் சலவை நிலையத்தின் உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுக் கொன்ற வழக்கு பலருக்கும் நினைவிருக்கும். அவ்வழக்கில் 2019-இல் ஒருவருக்கு 34 மாதச் சிறையும் 40,000 வெள்ளி அபராதமும் விதிக்கப்பட்டன. நீதிமன்றம் ‘பூனைதானே’ என்று சொல்லவில்லை. நாம் சொல்கிறோம்.

சடங்கு இல்லாத சாவு

வீட்டில் ஒரு மனிதர் இறந்தால் என்ன நடக்கிறது? உறவினர் கூடுகின்றனர். துக்கம் விசாரிக்க அண்டை அயலார் வருகின்றனர். எட்டாம் நாள், பதினாறாம் நாள் என்று காரியங்கள் நடக்கின்றன. வேலையிடத்தில் விடுப்பு கிடைக்கிறது. பள்ளிக்கு வராத பிள்ளையை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நம் முன்னோர் இவற்றையெல்லாம் வீணாக ஏற்படுத்தவில்லை. துயரப்படுகிறவருக்கு அழ ஓர் இடமும், அதற்கென்று சில நாள்களும், பக்கத்தில் உட்கார நாலு பேரும் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

பூனையை இழந்தவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. வலி இருக்கிறது, வலியை வைக்க இடமில்லை. அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய துயரத்துக்கு ஒரு தனிப்பெயர் கொடுத்தார். சமுதாயம் ஏற்க மறுக்கும் துயரம் என்று அதனைத் தமிழில் சொல்லலாம். வெளிப்படையாகச் சொல்ல முடியாதது, பலர் முன்னிலையில் அழ முடியாதது, பிறர் ஆதரவு கிடைக்காதது என்பன அதன் இயல்புகள். செல்லப் பிராணியின் இறப்பு இந்த வகைக்குள் அடங்கும்.

இது பிள்ளைகளுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. பதினான்கு ஆண்டுகள் வளர்த்த பூனையை இழந்த என் சக ஆசிரியை ஒருவர், மறுநாள் வீங்கிய கண்களோடு பள்ளிக்கு வந்தார். கேட்டவர்களிடமெல்லாம் “சளிக்காய்ச்சல்” என்றார். உண்மையைச் சொன்னால் ஆசிரியர் அறையில் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாற்பது வயதைக் கடந்த ஆசிரியைக்கே இந்த நிலை என்றால் ஒன்பது வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

சிங்கப்பூரில் இத்துயரத்துக்கு இன்னொரு பூட்டும் இருந்தது. வீவக வீடுகளில் பூனை வளர்க்கப் பல்லாண்டுகளாகத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல்தான் ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை உரிமத்துடன் வளர்க்க வழி பிறந்தது. தடை இருந்த காலத்திலும் பலர் வளர்க்கத்தான் செய்தனர். ஒளித்து வளர்த்த பூனைக்காக ஒளிந்துகொண்டுதானே அழுதிருப்பார்கள்? சட்டம் கதவைத் திறந்துவிட்டது. நம் வாய்தான் இன்னும் பூட்டிக்கொண்டிருக்கிறது.

“ஓடிப்போய்விட்டது” என்னும் பொய்

கேலியைவிடக் கொடியது பொய். பிள்ளை பள்ளியிலிருந்து வருவதற்குள் இறந்த பூனையைக் கறுப்பு நெகிழிப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, “எங்கேயோ ஓடிப்போய்விட்டது” என்று சொல்லும் வீடுகள் எத்தனை! பிள்ளையின் மனம் நோகக் கூடாது என்பதற்காகச் சொன்ன பொய் என்று அதற்கு ஒரு விளக்கமும் தருவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு இதுதான் நடந்தது. அவனுடைய ஆரஞ்சு நிறப் பூனை மகிழுந்தில் அடிபட்டு இறந்தது. ஓடிப்போய்விட்டது என்று வீட்டில் சொன்னார்கள். அவன் நம்பினான். நம்பியதால் தேடினான். இரண்டு வாரங்கள், மாலைதோறும் ஒரு கிண்ணத்தில் சோறும் நெத்திலியும் பிசைந்து எடுத்துக்கொண்டு, அடுக்குமாடியின் ஒவ்வொரு தளமாக அதன் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டு போயிருக்கிறான். பிறகு ஒரு நாள் காலை, பள்ளி வேனில் பக்கத்து வீட்டுப் பையன் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டான். அன்று வகுப்பில் அவன் அழவில்லை. ஓய்வு நேரத்தில் என்னிடம் வந்து, “டீச்சர், நான் தேடுனப்போ அவங்க எல்லாருக்கும் தெரியுமா?” என்று மட்டும் கேட்டான்.

பெற்றோர்களே, அந்தக் கேள்வியைச் சற்று நிதானமாகப் படியுங்கள். அது பூனையைப் பற்றிய கேள்வியே அன்று. பூனையின் சாவை அவன் ஒருநாள் ஏற்றுக்கொள்வான். சோற்றுக் கிண்ணத்தோடு தான் படியேறியதை வீட்டில் எல்லாரும் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை எப்போது ஏற்றுக்கொள்வான்?

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் குழந்தை உளவியல் படித்த நமக்கு இதில் வியப்பில்லை. ஹங்கேரியச் சிறுவர்களிடம் மரியா நாகி நடத்தி 1948-இல் வெளியிட்ட ஆய்வு, மிகச் சிறு பிள்ளைகள் சாவை ஒரு பயணமாகவோ தூக்கமாகவோ காண்கிறார்கள் என்று காட்டியது. போனவர் திரும்பி வருவார், தூங்குபவர் எழுவார் என்பது அவர்கள் நம்பிக்கை. இறந்தவர் மீளமாட்டார், இறந்த உடலுக்குப் பசியும் வலியும் இல்லை, எல்லா உயிர்க்கும் இது வரும் என்பன ஏறத்தாழ ஐந்து வயது முதல் ஏழு வயதுக்குள் படிப்படியாகத் தெளிவாகின்றன. அந்தத் தெளிவு பிறக்கும் வயதில் நாம் புகுந்து ‘போய்விட்டது’, ‘தூங்குகிறது’ என்று குழப்புகிறோம். விலங்கு மருத்துவர்கள் ‘தூங்க வைத்துவிடலாம்’ என்று சொல்லும் வழக்கமும் இப்படித்தான். அதைக் காதில் வாங்கிய பிள்ளை, அன்றிரவு கண்ணை மூடப் பயப்பட்டால் யார் பொறுப்பு? ‘இறந்துவிட்டது’ என்னும் நேரான சொல் தமிழில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்றும் உண்டு. காரணத்தைச் சொல்லாவிட்டால் பிள்ளை தானே ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொள்ளும். ‘நான் அதன் வாலை மிதித்தேன், அதனால்தான் செத்தது.’ ‘நேற்று அதைத் திட்டினேன், அதனால்தான் போய்விட்டது.’ சிறு பிள்ளைகள் இவ்வாறு தம்மையே குற்றவாளியாக்கிக்கொள்வது இயல்பு. பூனைகள் நோயை வெளிக்காட்டாமல் ஒதுங்கிப் படுத்துக்கொள்பவை என்பதையும், முதிர்ந்த பூனைகளுக்குச் சிறுநீரக நோய் மிகுதியாக வரும் என்பதையும், தடுப்பூசி போடாத குட்டிகளைப் பூனைப் பார்வோ நச்சுயிரி சில நாள்களில் கொன்றுவிடக்கூடும் என்பதையும் அவர்களுக்குப் புரியும் சொற்களில் சொல்லலாம். காய்ச்சல் என்று நினைத்து மனிதருக்குரிய பாரசித்தமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்துவிடும் வீடுகளும் உண்டு. பூனையின் உடல் அதனைச் செரித்து வெளியேற்ற இயலாதது. ஒரே மாத்திரைகூட உயிரைப் பறிக்கும். அப்படி நடந்திருந்தால், பாட்டி அன்போடுதான் கொடுத்தார், அது நஞ்சென்று அவருக்குத் தெரியாது என்று உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளையால் தாங்க முடியும். மறைத்து வைத்த உண்மையைத்தான் தாங்க முடியாது.

“வேறொன்று வாங்கித் தருகிறேன்”

அழுகையை நிறுத்தும் மூன்றாவது உத்தி இது. பூனை இறந்த அன்று மாலையே செல்லப்பிராணிக் கடைக்கு அழைத்துப் போய், முன்னதைவிட அழகான குட்டியொன்றை வாங்கிக் கையில் கொடுத்துவிடுவது. உடைந்த பென்சில் பெட்டிக்குப் பதிலாகப் புதியது வாங்குவதுபோல.

இதில் பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது? நேசித்தது போய்விட்டால் விலை கொடுத்து இன்னொன்று வாங்கிவிடலாம் என்று கற்றுக்கொள்கிறது. கூர்மையான பிள்ளையாக இருந்தால் அடுத்த கேள்விக்கும் போகும்: ‘நான் இறந்தால் அம்மா வேறு பிள்ளை வாங்கிக்கொள்வாரா?’ புதிய குட்டிக்கும் இது நியாயமன்று. பழைய பூனையைப்போல் அது மடியில் படுக்கவில்லை என்று வெறுக்கப்படுவதற்காகவே அது அந்த வீட்டுக்குள் நுழைகிறது. இன்னொரு பூனை வளர்ப்பது தவறென்று நான் சொல்லவில்லை. அந்த எண்ணம் பிள்ளையின் வாயிலிருந்து வரட்டும், அதுவரை காத்திருங்கள்.

“தோட்டத்தில் நாங்கள் பார்க்காத சாவா?”

இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஏனெனில் அதைச் சொல்பவர்கள் துன்பப்பட்டவர்கள். “ரப்பர் தோட்டத்தில் நாயும் பூனையும் ஆடும் மாடும் எத்தனையோ செத்தன. நாங்கள் யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. காலையில் எழுந்து பால்மரம் வெட்டப் போனோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பூப்போல வளர்த்துக் கெடுக்கிறீர்கள்” என்பார்கள்.

ஐயா, அம்மா, உங்கள் நினைவை இன்னும் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். லயத்து வீட்டுப் பின்புறம் கட்டியிருந்த மாட்டுக்கு லட்சுமி என்று பெயர் இருந்ததே, அது எப்படி வந்தது? மாட்டுப் பொங்கலன்று அதன் கொம்புக்கு வண்ணம் பூசி மாலை போட்டது யார்? அது இறந்தபோது குழி வெட்டி மஞ்சளும் குங்குமமும் இட்டுப் புதைத்த வீடுகள் உண்டா இல்லையா? தீபாவளிக்கு ஆட்டை வெட்டிய அன்று, அதற்குத் தழை ஒடித்துப் போட்டு வளர்த்த பிள்ளை சோறு உண்ணாமல் படுத்துக்கொண்டதை உங்களில் சிலராவது பார்த்திருப்பீர்கள். அந்தப் பிள்ளை நீங்களாகவேகூட இருந்திருக்கலாம்.

தோட்டத்து மக்கள் கல் நெஞ்சர்கள் அல்லர். அழ நேரம் கொடுக்காத வாழ்க்கை அவர்களுக்கு வாய்த்திருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தவர்கள் மாட்டையும் ஆட்டையும் விற்றுவிட்டுத்தான் வந்தார்கள். அந்தத் துயரத்தையும் யாரும் விசாரிக்கவில்லை. நமக்கு மறுக்கப்பட்டது நம் பிள்ளைகளுக்கும் மறுக்கப்பட வேண்டும் என்பது என்ன நியாயம்? அன்று மாடு, ஆடு, கோழி, நாய் என்று நான்கைந்து உயிர்களோடு வளர்ந்தோம். இன்று பத்தாவது மாடியில் வளரும் பிள்ளைக்கு வாய்த்த ஒரே உயிர் அந்தப் பூனைதான்.

“உலகில் போரிலும் பசியிலும் குழந்தைகள் சாகும்போது பூனைக்காக அழுவதா?” என்றும் கேட்பவர்கள் உண்டு. இரக்கம் சோற்றுப்பானை அன்று. ஒருவருக்குப் பரிமாறினால் அடுத்தவருக்குக் குறைந்துவிடாது. பக்கத்தில் கிடந்த பூனையின் சாவுக்குக் கலங்கக் கூடாது என்று பழக்கப்பட்ட பிள்ளை, தொலைக்காட்சியில் காணும் தூரத்துக் குழந்தைக்காகக் கலங்கும் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்?

பள்ளிக்கூடம் என்ன செய்கிறது?

பெற்றோரை மட்டும் கூண்டில் நிறுத்துவது முறையன்று. இனி நம் பக்கம் வருவோம், ஆசிரியர்களே.

‘என் செல்லப் பிராணி’ என்னும் கட்டுரையை எழுதாத தமிழ்ப்பள்ளி மாணவர் உண்டா? கட்டுரைத் திரட்டுகளில் அதற்கென்றே ஒரு வார்ப்பு இருக்கிறது. பெயர், நிறம், உணவு, பயன், அன்பு, முடிவு. அந்தப் பூனை எப்போதும் பால் குடிக்கும்; எப்போதும் எலி பிடிக்கும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது என்பதுகூட அந்தக் கட்டுரைக்குத் தெரியாது. அந்தக் கட்டுரையில் எந்தப் பூனையும் நோயுறுவதில்லை. எந்தப் பூனையும் சாவதில்லை.

அண்மையில் ஒரு மாணவியின் தாளைப் பார்க்க நேர்ந்தது. முதல் நான்கு வரிகள் வார்ப்பின்படியே இருந்தன. ஐந்தாம் வரியில் அவள் தடம் மாறிவிட்டாள். தன் பூனை இப்போது இல்லை என்றும், அது படுத்துறங்கிய துணியை அம்மா துவைத்துவிடக் கூடாது என்பதற்காகப் பள்ளிப்பைக்குள் ஒளித்து வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாள். அவளுடைய பயிற்றேட்டில் அவளே எழுதிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: “தலைப்பை ஒட்டி எழுதுக.” எந்தப் பள்ளி, யார் திருத்தியது என்பது இங்குத் தேவையில்லை. எந்தப் பள்ளியிலும் நடக்கக்கூடியது அது. தலைப்பை ஒட்டி அதைவிட நெருக்கமாக ஒருவர் எப்படி எழுத முடியும்?

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. ‘தேர்வுக்காகத்தான் வார்ப்புக் கட்டுரை எழுத வைக்கிறோம்’ என்று அதுவரை சொல்லிவந்தோம். தேர்வு போய்விட்டது, வார்ப்பு போகவில்லை. நன்னெறிக் கல்வியின் 14 நெறிகளுள் அன்புடைமையும் ஒன்று. அதைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் சொல்கிறோம். மாணவரும் அன்புடைமைக்கு எடுத்துக்காட்டாகப் ‘பிராணிகளிடம் அன்பு காட்டுதல்’ என்று எழுதி முழு மதிப்பெண் பெறுகின்றனர். அந்த அன்பு கண்ணீராக வகுப்பறைக்குள் நுழைந்தால், “முகத்தைக் கழுவிக்கொண்டு வா” என்கிறோம். ஆண் பிள்ளையாக இருந்தால், “ஆம்பளைப் பிள்ளை அழலாமா?” என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்கிறோம்.

பயிற்சிக் காலத்தில் நாம் படித்த ஐந்து படிநிலைகளைச் சிலர் இங்கே நினைவுகூரக்கூடும். மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு என எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-இல் எழுதியவை அவை. ஆனால், சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் உரையாடி அவர் கண்டறிந்தவை அவை; பூனையை இழந்த மாணவனுக்கான கால அட்டவணை அன்று. பிள்ளைகளின் துயரம் வரிசையில் நிற்பதில்லை. பத்து நிமிடம் அழுவார்கள். பிறகு பந்து விளையாடுவார்கள். இரவு படுக்கும்போது மீண்டும் அழுவார்கள். பந்து விளையாடுவதைப் பார்த்து “மறந்துவிட்டான்” என்று முடிவு கட்டாதீர்கள்.

என்ன செய்யலாம்?

குறை சொல்வதோடு நிறுத்த விரும்பவில்லை. செலவில்லாத சில வழிகளை முன்வைக்கிறேன்.

1. உண்மையை அன்றே சொல்லுங்கள். ‘இறந்துவிட்டது’ என்றே சொல்லுங்கள். காரணத்தையும் சுருக்கமாகச் சொல்லுங்கள். பிள்ளையின் தவறில்லை என்பதைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

2. உடலைப் பிள்ளை பார்க்க விரும்பினால் துணியில் சுற்றிக் காட்டுங்கள். விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.

3. மண் உள்ள வீடானால் கிணறு, கால்வாய் ஆகியவற்றிலிருந்து தள்ளி ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். ஒரு பிடி மண்ணைப் பிள்ளை தன் கையால் போடட்டும். மேலே ஒரு செம்பருத்திச் செடி நடலாம். அடுக்குமாடியில் வாழ்பவர்கள் செல்லப்பிராணிகளுக்கான தகனச் சேவையை நாடலாம். அதற்கு வசதி இல்லையென்றால் ஒரு பூந்தொட்டியும் ஒரு புகைப்படமும் போதும். குப்பைத் தொட்டி மட்டும் வேண்டாம்.

4. ஆசிரியர்களே, செய்தி தெரிந்தால் அந்தப் பிள்ளையிடம் தனியாக ஒரு வார்த்தை பேசுங்கள். பூனையின் பெயரைக் கேளுங்கள். அந்தப் பெயரை நீங்களும் ஒரு முறை சொல்லுங்கள். அன்றைய வீட்டுப்பாடத்தை மறுநாள் கொண்டுவரச் சொன்னால் பாடத்திட்டம் ஒன்றும் கவிழ்ந்துவிடாது.

5. எழுத விரும்பும் பிள்ளையை எழுத விடுங்கள். அந்தத் தாளில் சந்திப்பிழை திருத்தாதீர்கள். வேறு நாள் இருக்கிறது.

6. வாரக்கணக்கில் உறக்கமோ உணவோ இல்லாமல், பள்ளிக்கு வரவும் மறுத்தால் ஆலோசக ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். சிறிய தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் முழு நேர ஆலோசக ஆசிரியர் இல்லை. அங்கெல்லாம் வகுப்பாசிரியரே முதலில் கவனிக்க வேண்டியவர்.

7. வீட்டில் தனித்து வாழும் பாட்டி தம் பூனையை இழந்தால், மனிதருக்குச் செல்வதுபோலவே ஒரு நடை போய்த் துக்கம் விசாரியுங்கள். அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்குத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்தால் பிள்ளை கோழையாகிவிடும் என்று அஞ்ச வேண்டாம். தாத்தாவின் சாவும், பிற்காலத்தில் நம்முடைய சாவும் அந்தப் பிள்ளைக்கு வரத்தான் போகின்றன. அன்று அது யாரிடம் போய் அழும் என்பது, இன்று பூனைக்காக அழும்போது நாம் என்ன சொல்கிறோம் என்பதைப் பொறுத்திருக்கிறது. ‘பூனைதானே’ என்ற வீட்டில், தாத்தாவுக்காக அழவும் அது கதவைச் சாத்திக்கொள்ளும். கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளையைப் பார்த்து, “எதையுமே எங்களிடம் சொல்வதில்லை” என்று நாம் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில் வந்து புலம்புவோம்.

ஆகவே, சொல்வதற்கு நல்ல சொல் கிடைக்கவில்லையென்றால் பேசாமல் இருங்கள். பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளை பூனையைப் பற்றிப் பேசும், கேளுங்கள். அதே கதையை நாளையும் சொல்லும், நாளையும் கேளுங்கள்.

சிந்திப்போம், மாறுவோம்.